சூடோ போட்ட மாமனார்

மாப்பிள்ளை என்கிற பதவியில் ஒரு வசதி உண்டு, மாமனார் வீட்டில் யாரும் நேருக்கு நேர் திட்டமாட்டார்கள். நம்முடைய மாப்பிள்ளை இந்த வசதியை நான்கு வருடமாக அனுபவித்து வந்தான். மாமனாரின் மரப்பட்டறைக்கு இதுவரை மூன்று நல்ல காரியங்கள் செய்திருப்பதாக அவனே கணக்குச் சொல்வான். அதில் பெரியது, பட்டறைக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றியது. "இனிமே வைரஸும் கிடையாது, வம்பும் கிடையாது மாமா" என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். வைரஸ் வரவில்லை, அது உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பட்டறையில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் அவன் மனைவி ஃபோன் செய்தாள்.

"உடனே கெளம்பி வாங்க. நேத்து சாயங்காலம் கம்ப்யூட்டர் அப்கிரேடு பண்ணட்டுமான்னு கேட்டுச்சாம். அப்பா சரின்னு அமுக்கிட்டார். பாதியில நின்னுபோய், இப்ப கறுப்புத் திரையில வெறும் எழுத்தா நிக்குது. பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்காரங்க வர்றாங்க."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பினான். பள்ளிக்கூட நூலகத்துக்கான அலமாரிகள், மேசைகள் எல்லாவற்றுக்கும் மாமனார் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த வரைபடம் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. இன்றைக்குக் காட்டாவிட்டால் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். எட்டுப் பேருக்கு ஐந்து மாத வேலை. அதையெல்லாம் பேக்கப் எடுத்து வைப்பது மாப்பிள்ளை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்த நான்காவது நல்ல காரியம்.

பட்டறை வாசலில் தலையெல்லாம் மரத்தூளாக மாமனார் நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை. டீ சாப்பிடுங்க." பிறகு மகளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "நல்லா ஓடிக்கிட்டு இருந்த கம்ப்யூட்டர். அத நோண்டுவானேன், இப்படி வந்து முழிப்பானேன்?"

"அப்பா, அவர் இங்கதான் நிக்கிறார்."

"தெரியுதும்மா. நான் உன்கிட்டதான பேசுறேன்."

அவன் எதையும் காதில் வாங்காதவன்போல் உட்கார்ந்தான். எழுத்துத் திரையில் மாமனாரின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்ததும் கம்ப்யூட்டர் உள்ளே விட்டது. அப்கிரேடு நடுவழியில் படுத்திருந்தது. விட்ட இடத்திலிருந்து மிச்சத்தை முடி என்று ஒரு கட்டளை கொடுத்தான். வரிகள் சரசரவென்று ஓடின. பத்து மணி சுமாருக்கு, நீல நிறத்தில் பழைய நுழைவுத் திரை அழகாக வந்து நின்றது.

"வந்துருச்சு மாமா!" என்று டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான். இந்த வேலையெல்லாம் தனக்கு ஜுஜுபி என்பதுபோல் மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

பாஸ்வேர்டு போட்டான். திரை ஒரு கணம் இருண்டது. அடுத்த கணம் அதே நுழைவுத் திரை, அதே நீலம், பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு. மறுபடி போட்டான். மறுபடி அதே. பாஸ்வேர்டு தப்பு என்றாவது சொல்லித் தொலைக்கலாம், அதையும் சொல்லவில்லை.

"அத்தான், இது வந்த மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கே" என்றான் மச்சினன். பாலிஷ் போடும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கி, மறுபடி எழுத்துத் திரைக்குப் போனான். மாமனாரின் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் பட்டியலில் ஒரு குட்டிக் கோப்பு கண்ணில் பட்டது. ஐகான்களோடு வருகிற வழக்கமான படத் திரை திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதில்தான் அனுமதியை எழுதி வைக்கும். அதற்கு உரிமையாளர் மாமனாராக இருக்க வேண்டும். இருந்ததோ ரூட், அதாவது கம்ப்யூட்டரின் சர்வாதிகாரி. மாமனார் உள்ளே வரும்போதெல்லாம் அதில் எழுத முடியாமல் திரை அவரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

தட்டிய கட்டளைகளை எல்லாம் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். புரட்டிப் பார்த்தான். நேற்று சாயங்காலம், படத் திரையைக் கிளப்பு என்று ஒரு கட்டளை. அது கேட்கவில்லை. அடுத்து அதே கட்டளை முன்னால் சூடோ சேர்த்து, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்தவுடன் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது தனி. நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"சூடோன்னா என்ன தெரியுமா? நான் சொல்றேன், மறுபேச்சுப் பேசாம செய்யின்னு சர்வாதிகாரி பேர்ல உத்தரவு போடுறது. அதப் போய் இதுக்குப் போட்டா கோப்பும் சர்வாதிகாரி பேருக்குப் போயிடாதா? மூளை இருக்கிறவன் பண்ற வேலையா இது?" கண் மச்சினன் மேலேயே இருந்தது.

மச்சினன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கையிலிருந்த அளவு டேப்பைப் பார்த்தார்.

"நான்தான் போட்டேன் மாப்பிள்ளை."

"நீங்களா? உங்களுக்கு யாரு மாமா இதச் சொல்லிக் குடுத்தா?"

"யாரோ சொன்னாங்க. விடுங்க, மணி ஆகுது."

மனைவி தேவையில்லாமல் ஒரு தடவை இருமினாள். அப்போதுதான் கவனித்தான். மானிட்டருக்குக் கீழ் விளிம்பெல்லாம் மரத்தூள் படிந்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. நான்கு மூலையிலும் டேப் ஒட்டிய தடம். மாமனாரின் சட்டைப்பையில் மஞ்சள் காகிதம் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அதை எழுதி ஒட்டியவன் அவன்தான். சும்மா சும்மா ஃபோன் வருகிறதே என்று எரிச்சலில் எழுதியது. மேலே படத் திரையைக் கிளப்பும் கட்டளை, அதற்குக் கீழே, 'சொன்னது கேட்காவிட்டால் முன்னால் சூடோ போடவும்.' அடியில் இரண்டு கோடு வேறு. மாப்பிள்ளை வந்து பார்த்து அசடு வழியக் கூடாதே என்று, மனுஷன் காலையில் அதைப் பிய்த்து ஒளித்து வைத்திருக்கிறார். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூசிக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினான்.

கோப்பின் உரிமையை மாமனார் பேருக்கு மாற்ற ஒரே ஒரு வரி போதும். அதற்கும் சூடோ போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. பத்தே முக்காலுக்குத் திரை உள்ளே விட்டது. வரைபடம் அலுங்காமல் இருந்தது. பிரிண்டர் கடைசித் தாளைத் துப்புவதற்கும் பள்ளிக்கூடத்து அம்மா செருப்புச் சத்தத்தோடு உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

அவர் தாள்களைப் புரட்டினார், சின்னப் பிள்ளைகளின் மேசையை ஒரு அங்குலம் தாழ்த்தச் சொன்னார், திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கச் சொன்னார்.

"இவரு யாரு?"

"எங்க மாப்பிள்ளை. கம்ப்யூட்டர்ல புலி" என்றார் மாமனார், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல்.

அந்த அம்மா போன பிறகும் புலி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பேசாமல் கம்பி நீட்டியிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"மாமா, அந்தப் பேப்பரக் குடுங்க. அது நான் எழுதினது. தப்பு என்னோடது."

மாமனார் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஒரு தடவை படித்தார். நான்கு வருட மரியாதை அத்தனையும் உடைந்தது.

"அறிவிருக்காய்யா உனக்கு? இத எழுதி ஒட்டிட்டுப் போயிட்டா எங்களுக்கு என்னய்யா தெரியும்? ராத்திரி பூரா நான் தூங்கல! எட்டுப் பேர் பொழப்பு! பேக்கப் எடுக்கிறேன், எடுக்கிறேன்னு எத்தன மாசமாச் சொல்ற நீ?"

அறுப்பு மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். திட்டு சூடாகத்தான் விழுந்தது. ஆனால் அந்த 'உனக்கு', அந்த 'நீ', காதில் விழவிழ ஏனோ சந்தோஷமாக இருந்தது. சொந்த மகனைத்தான் அவர் இப்படித் திட்டிப் பார்த்திருக்கிறான்.

"இப்பவே பேக்கப் எடுத்துடுறேன் மாமா."

"எடு." மூச்சு வாங்கிக்கொண்டு அவர் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார். "முதல்ல போய் டீ போட்டுக் குடி. எனக்கும் ஒண்ணு கொண்டா."

அவன் எழுந்து உள்ளே போனான். நான்கு வருடமாகக் கைக்கு வந்த டீயைக் குடித்தவனுக்கு, அந்தப் பட்டறையில் அடுப்பு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.