நான்கு நிமிட மௌனம்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவாளர் டெஸ் கையைத் தூக்கினாள். ஒலிப்பதிவு நின்றது.

"மறுபடியும் அதே சத்தம். டக் டக் டக்னு. வாசிக்கிறப்ப இல்ல, மௌனத்துல மட்டும்தான் வருது."

நான் என் வலது கையை மெல்லத் தொடைக்கு அடியில் தள்ளினேன்.

எங்கள் இசைக்குழுவின் பெயர் 'பிளாங்க் ஹார்பர்'. அமெரிக்காவின் டுலூத் நகரில், ஏரிக்கரைப் பக்கம், முன்பு சலவைக்கடையாக இருந்த இந்தக் கட்டடத்தில் முப்பத்தெட்டு வருடங்களாக ராக் என்று சொல்லிக்கொண்டு ராக்கில் சேராத எதை எதையோ வாசித்து வருகிறோம். கிதார் ஆர்லன், குழு அவன் சொல்படிதான் நடக்கும். பேஸ் கிதார் கோர்டி. டிரம்ஸ் நான், மார்லிஸ். எட்டு வருடம் கழித்து இப்போது ஒரு புது ஆல்பம்.

அதன் மூன்றாவது பாட்டின் நடுவில் நான்கு நிமிட மௌனம். மௌனத்துக்கென்று எங்களிடம் விதி உண்டு. கைகள் வாத்தியத்தின் மேல் இருக்க வேண்டும். யாரும் கடிகாரம் பார்க்கக் கூடாது. முடிப்பது நான் மட்டுமே. என் இரண்டு குச்சிகளும் ஒன்றாக டிரம்மில் விழும்வரை மற்றவர்கள் இருமக்கூட மாட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் டாக்டர் என் மணிக்கட்டை மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பார்க்கின்சன், ஆரம்ப நிலை. வேலை செய்யும்போது கை ஒழுங்காக இருக்கும். சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும். பயந்தால் இன்னும் கூடும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல விடாமல் தடுத்தது வெண்டலின் முகம். பதினொரு வருடங்களுக்கு முன் எங்களிடம் கீபோர்டு வாசித்தவன். இரண்டு கச்சேரிகளில் தடுமாறினான். ஆர்லன் நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினான், இனி வர வேண்டாமென்று. நானும் கையெழுத்துப் போட்டேன். அவனுக்கு உடம்புக்கு என்ன என்று நாங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"ஃபிரிட்ஜா இருக்கும்" என்றான் ஆர்லன்.

டெஸ் ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினாள். ஹீட்டரை அணைத்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பத்தே நிமிடத்தில் அறை குளிர்ந்துவிட்டது. மறுபடி வாசித்தோம். மறுபடியும் டக் டக் டக்.

"கோர்டி, உன் முழங்கால்ல வச்ச இரும்பு ஆடுதாப்பா?" என்றான் ஆர்லன்.

"அது டைட்டானியம், முட்டாளே. உன் மூளையவிட விலை ஜாஸ்தி. உன் பல்செட்ட முதல்ல கழட்டி வை, சத்தம் தானா நிக்கும்."

நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"சரி, ஒவ்வொரு மைக்கா தனித்தனியா கேக்கறேன்" என்றாள் டெஸ்.

முதலில் ஆர்லனின் மைக், ஒன்றுமில்லை. கோர்டியின் மைக், அவன் மூச்சு மட்டும். அடுத்து என்னுடையது. ஸ்பீக்கரில் அது பெரிதாக வந்தது. வேகமாக, சீராக, டக் டக் டக் டக்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஸ்னேர் டிரம்ல ஒரு திருகு லூசா இருக்கு" என்றேன். "காலையிலேயே நெனச்சேன்."

"நெனச்சவ சொல்ல வேண்டியதுதான? ரெண்டு மணி நேரம் போச்சு!" என்று ஆர்லன் எரிந்து விழுந்தான்.

எந்தத் திருகும் லூசாக இல்லை. இருந்தும் எல்லாவற்றையும் முறுக்கினேன்.

மறுபடி தொடங்கினோம். மௌனம் வந்தது. ஆர்லன் வழக்கம்போலக் கண்களை மூடிக்கொண்டான். கோர்டி தரையைப் பார்த்தான். நான் வலது குச்சியை மடியில் போட்டுவிட்டு, கையை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே வைத்து நெருக்கினேன். அது பிடிபட்ட மீன் மாதிரி உள்ளே துடித்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு. நான்கும் ஆகியிருக்கும்.

இப்போது கையை எடுக்க வேண்டும். எடுத்தால், குச்சியைத் தூக்குவதற்குள் அது டிரம்மின் விளிம்பில் தட்டும். சத்தத்துக்குக் காரணம் திருகு இல்லை என்று டெஸ் கண்டுபிடித்துவிடுவாள். இன்னும் பத்து வினாடி போகட்டும், அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. இன்னும் பத்து. முன்னைவிட மோசமானது. இப்போது முழங்காலும் சேர்ந்து ஆடியது.

ஐந்து நிமிடம் தாண்டியிருக்கும். ஆறும். ஒருவரும் அசையவில்லை. விதி அப்படி. நான் முடிக்காமல் இது முடியாது. குளிரிலும் என் முதுகில் வியர்வை ஓடியது. கண்ணாடிக்குப் பின்னால் டெஸ் எழுந்து நின்றாள். கோர்டி தலை நிமிர்ந்தான். அவன் பார்வை என் முகத்திலிருந்து கீழே இறங்கி என் முழங்கால்களிடம் வந்து நின்றது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை, விதி.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கையை வெளியே எடுத்தேன். குச்சியை எடுத்து டிரம்மின் தோலில் வைத்தேன். அடிக்கவில்லை, வைத்தேன், அவ்வளவுதான். மற்றதைக் கை பார்த்துக்கொண்டது.

டக் டக் டக் டக் டக்.

ஆர்லன் கண்களைத் திறந்தான். குச்சியைப் பார்த்தான், என் விரல்களைப் பார்த்தான். நான் அவற்றை மறைக்கவில்லை.

"எப்பலேருந்து?" முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக அவனே விதியை உடைத்தான்.

"அக்டோபர்ல ஆரம்பிச்சது."

"சொல்லணும்னு தோணலையா?"

"வெண்டல் கதைய நானும் கூட இருந்துதான பாத்தேன்."

அவன் முகம் வெளுத்தது. கோர்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆர்லன்..." என்று ஆரம்பித்தான். ஆர்லன் கையைக் காட்டி அவனை அடக்கினான்.

"டெஸ், ஓடுதா?"

"ஓடிட்டுத்தான் இருக்கு."

"நிறுத்தாத."

கிதாரின் மிகத் தடித்த தந்தியைத் தொட்டான். என் நடுக்கத்துக்கு அடியில் அந்த ஒற்றைச் சுரம் பரவியது. என்னைப் பார்க்கவில்லை. குச்சியைத்தான் பார்த்தான், கிடைத்ததை விட்டுவிடக் கூடாது என்கிற அந்தப் பழைய பசியோடு.

இந்தச் சத்தம் ஆல்பத்தில் இருக்கும். அது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. இதற்குப் பிறகு நான் இருப்பேனா என்று அவன் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் வரவில்லை. இடது குச்சியை எடுத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் உயர்த்தினேன். வலது கை காற்றில் ஒரு கணம் அசையாமல் நின்றது.


அடித்தேன்.