கொட்டகையில் அளந்த ஆயில்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். காவேரி டீச்சர், காரின் சொந்தக்காரர். மாதவராஜ், காரை வாங்க வந்தவர். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருக்கிறார். இன்னாசி, மாதவராஜ் கூட்டிவந்த மெக்கானிக். அப்புறம் நான், அருள்குமார், டீச்சரின் டிரைவர். கார் விற்றுப்போனால் எனக்கு வேலை கிடையாது, கொட்டகையை ஒட்டிய அறையும் கிடையாது. இது டீச்சருக்குத் தெரியும். மற்ற இருவரும் என் அறைக் கொடியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

கார் பெட்ரோலிலும் மின்மோட்டாரிலும் ஓடும் பெரிய வண்டி. டீச்சரின் கணவர் வாங்கினார். வாங்கிய எட்டாம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். டீச்சருக்கு ஓட்டத் தெரியாது. வீடு பாப்பாரப்பட்டிக்கு வெளியே, பள்ளிக்கூடம் ஏரியூரில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பதினான்கு மாதம் நான்தான் ஓட்டினேன். இந்த வருடக் கலந்தாய்வில் அவருக்குப் பாப்பாரப்பட்டிக்கே மாறுதல் கிடைத்தது. நடந்து போகிற தூரம். பத்து நாளைக்கு முன்னால், ஏரியூரிலிருந்து திரும்பி வரும்போது, காரை விற்கப் போவதாகச் சொன்னார். சரிங்க என்றேன்.

டிரைவராக வருவதற்கு முன்னால் ஓசூரில் இருந்தேன். கியர்பாக்ஸ் கூடு வார்க்கும் தொழிற்சாலை. கூட்டின் ஓட்டைகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. மூன்று வருடமும் இரவு ஷிஃப்ட். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேரின் பெயர் தெரியாது. ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவன் ரூமுக்குப் போகாமல் தருமபுரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் போன் செய்து கேட்கவும் இல்லை.

குமிழி பார்த்த பழக்கம் போகவில்லை. தினமும் காலையில் காரை வெளியே எடுத்ததும் கொட்டகைத் தரையைப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் விரலால் தொடுவேன். ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர், விரலில் நிற்காது. கூலன்ட் வழவழப்பாக இருக்கும். காய்ந்தால் ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்ததுபோல் நிற்கும். இந்த வண்டியில் கூலன்ட் தொட்டி இரண்டு: ஒன்று இன்ஜினுக்கு, மற்றொன்று பேட்டரிக் கரண்டை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டிக்கு. இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நான் வாரம் ஒருமுறை பார்ப்பேன். இன்ஜின் ஆயில் கருத்துப்போயிருக்கும். கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பு, நாட்கணக்கில் ஆனாலும் காயாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தச் சிவப்பைப் பார்த்தேன். கார் நிற்கும் இடம் பழைய மாட்டுக்கொட்டகை. மாடுகளை விற்றபிறகு தீவனத் தொட்டியை இடிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். தொட்டிக்கு எதிர்ப்பக்கம், காரின் பின்புறம், மூத்திரம் ஓடும் சின்ன வாய்க்கால். அதில் ஒரு விரல் நீளத்துக்கு ஆயில் நின்றது. மறுநாளும் இருந்தது. துடைத்தேன். டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். காரணம் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று நாட்கள் போயின. பிறகு விற்கிற பேச்சு வந்தது. அன்றைக்குப் பிறகு அதை வேண்டுமென்றேதான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மாதவராஜ் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். சத்தம் வரவில்லை.

"ஸ்டார்ட்டே ஆவலயே?"

"ஆயிருச்சுங்க. ரெடின்னு எழுத்து வந்துருக்குது பாருங்க," என்றார் இன்னாசி.

"இதென்ன, மாமியார் வூட்டுக்கு வந்த மருமவன் மாதிரி பேசாம இருக்குது."

டீச்சர் சிரித்தார். இன்னாசி பானெட்டைத் திறந்து இரண்டு கூலன்ட் தொட்டிகளையும் பார்த்தார். இன்ஜின் ஆயிலைக் குச்சியில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். குனிந்து நான்கு சக்கரங்களுக்குள்ளும் டார்ச் அடித்தார். அறுபது வயதிருக்கும். அவசரம் இல்லாத ஆள்.

"நல்லா வெச்சிருக்கறாங்க," என்று மாதவராஜிடம் சொன்னார்.

"அப்ப பேசி முடிச்சிரலாமா டீச்சர்?"

"லீக் இருக்குதுங்க," என்றேன்.

மூவரும் திரும்பினார்கள்.

"கியர்பாக்ஸ்ல இருந்து ஆயில் வருது. மூணு வாரமா."

"மூணு வாரமாவா?" என்றார் டீச்சர். "எங்கிட்ட சொல்லவே இல்லியே அருளு."

மாதவராஜ் காரிலிருந்து இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விக்கறவங்க பக்கம் நின்னுக்கிட்டு லீக்குன்னு சொல்ற ஆளை இப்பத்தாங்க பாக்கறேன். தம்பி, நீ அவங்க டிரைவரா, எனக்கு டிரைவரா?"

"இருக்கறதைச் சொன்னேன்."

"சொல்லட்டும் சொல்லட்டும்," என்றார் இன்னாசி. "எங்க தம்பி பாத்த?"

வாய்க்காலைக் காட்டினேன். அன்று காலை நான் துடைக்கவில்லை. இன்னாசி உட்கார்ந்து விரலில் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்தார்.

"புது ஆயிலா இருக்குது. மாத்தி எத்தினி நாளாச்சு?"

"ஒன்றரை மாசம்."

"யாரு மாத்துனது?"

"நான்தான்."

"எங்க வெச்சி?"

"இங்கதான். இதே எடத்துல."

"வண்டி மூஞ்சி எந்தப் பக்கம்?"

"இப்ப நிக்கிறாப்பலதான். தீவனத் தொட்டிப் பக்கம்."

இன்னாசி எழுந்து, மாதவராஜின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினார். பாதி குடித்திருந்தது. மூடியை இறுக்கி, தரையில் காரை ஒட்டி நீளவாக்கில் படுக்க வைத்தார். கையை எடுத்ததும் அது உருளவில்லை. ஆனால் உள்ளே இருந்த தண்ணீர் வாய்க்கால் பக்கம் ஏறி நின்றது. தொட்டிப் பக்கம் அடியில் ஒரு தகடு அளவுக்குத்தான் இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது.

இந்த வண்டியின் கியர்பாக்ஸில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. பக்கவாட்டில் ஒரு துளை உண்டு. அதன் வழியாக ஊற்றி, அதே துளையில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் முதல் வரியிலேயே போட்டிருக்கிறது. நானும் படித்தேன். சிமெண்ட் தரை, கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தது. மாட்டு மூத்திரம் ஓடுவதற்காகச் சரிவு வைத்துப் போட்ட தரை என்பது அந்த நேரம் மண்டையில் ஏறவில்லை. துளை இருப்பது முன்பக்கம். முன்பக்கம் மேடு. ஆயில் பின்னால் சாய்ந்து நின்றதால் துளைக்கு எட்டவே இல்லை. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"அதிகமா ஊத்துனா என்னாவும்?" என்று மாதவராஜ் கேட்டார்.

"மேல மூச்சு விடறதுக்கு ஒரு குழாய் இருக்குதுங்க. சூடேறுனா அது வழியா தள்ளிரும். வழிஞ்சு வண்டிக்கு அடியில மூடியிருக்கற தட்டுல தேங்கி, பின்னால வாய்க்காலுக்கு வந்துரும். பாக்கறவனுக்கு லீக்காத்தான் தெரியும்." இன்னாசி என் பக்கம் திரும்பினார். "மாட்டுக்குப் போட்ட தரையில காருக்கு அளவு பாத்திருக்கற தம்பி."

மாதவராஜ் சத்தமாகச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இருந்தாலும் ஆயிலைத் தடுக்கற சீல் போயிருந்தா? கழட்டிப் பாக்காம எப்படிச் சொல்றது? ஜாமான் பெங்களூர்ல இருந்துதான் வரணும். பத்துப் பதினஞ்சு நாள் ஆவும்," என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"பாத்துருவோம். இந்தப் பக்கம் எடைமேடை இருக்குதா?"

சாலையில் புளி மண்டியின் எடைமேடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லாரி இல்லை. லாரி எடை போடும் மேடையைப்போல் சமமான இடம் சுற்றுவட்டாரத்தில் வேறு கிடையாது என்றார் இன்னாசி. அங்கேயும் பாட்டிலைப் படுக்க வைத்தார். தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. வண்டியை அணைத்து, ரெடி விளக்கு போய்விட்டதா என்று இரண்டு முறை பார்த்தபிறகுதான் சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். அடித்தட்டைக் கழற்றினார். அதில் சிவப்பாக ஆயில் தேங்கியிருந்தது. மூச்சுக்குழாயையும் கூட்டையும் சக்கர அச்சு நுழையும் இடங்களையும் பஞ்சுத் துணியால் துடைத்தார். பிறகு துளையின் மூடியைத் திறந்தார்.

ஆயில் சுண்டுவிரல் தடிமனில் வந்து, அவர் கீழே வைத்திருந்த தட்டில் விழுந்தது. நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. அரை லிட்டருக்கு மேல் போனபிறகுதான் நூலாகி, சொட்டாகி நின்றது. இன்னாசி புது வாஷர் போட்டு மூடினார்.

"இப்ப அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து பாப்போம். காஞ்சிருந்தா சீல் நல்லாருக்குது."

பென்னாகரம் பாதையில் போனோம். மாதவராஜ் ஓட்டினார். இன்னாசி முன்னால். நானும் டீச்சரும் பின்னால். பதினான்கு மாதத்தில் டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். அதுவரை அவர் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்த்திருந்தேன். பக்கத்தில் பார்க்கும்போது வயது கூடுதலாகத் தெரிந்தது. மடியில் காரின் ஆவணங்கள் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"லீக் இருக்கணும்னு நெனச்சியா?" என்று கேட்டார். முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரல்.

"ஆமாங்க டீச்சர்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியெல்லாம் மாந்தோப்பு. மாதவராஜ் ஏசியைக் கூட்டிவைத்து, வண்டியைப் பற்றி இன்னாசியிடம் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு வண்டி பிடித்துவிட்டது.

எடைமேடைக்குத் திரும்பினோம். இன்னாசி மறுபடி அடியில் நுழைந்து வெள்ளைக் காகிதத்தால் ஒவ்வொரு இடமாக ஒற்றி எடுத்தார். காகிதத்தை என்னிடம்தான் நீட்டினார். தூசி மட்டும் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். மறுபக்கமும் அதேதான்.

"சீல் சுத்தமா இருக்குது தம்பி."

"சரிங்கண்ணா."

"வண்டியை நல்லாத்தான் பாத்திருக்கற. ஒண்ணுதான் தப்பிப்போச்சு."

வீட்டுக்கு வந்து டீச்சர் கையெழுத்துப் போட்டார். மதியத்துக்குள் மாதவராஜ் காரை எடுத்துக்கொண்டு போனார். மண்பாதையில் திரும்பும்வரை சத்தமே இல்லை. தூசி மட்டும் எழுந்தது.

என் சாமான் ஒரு பையில் அடங்கியது. கொடியை அவிழ்க்கும்போது டீச்சர் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. இதுவரை வந்ததும் இல்லை.

"எங்க போவ?"

"ஓசூருக்குங்க. அங்க எப்பவும் ஆளு எடுத்துக்கிட்டுதான் இருப்பாங்க."

"நைட்டா?"

"நைட்டுக்குத்தான் ஆளு பத்தாது."

டீச்சர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கார் இருந்த வரைக்கும் நீ யாருன்னு கேக்கறவங்களுக்கு டிரைவர்னு ஒரு பதில் இருந்துது. அது போனா என்ன சொல்றதுன்னு நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க அண்ணங்கிட்ட பேசினேன். வூட்டுக்குப் பின்னால இருக்கற தோப்புக்குத் தண்ணி பாய்ச்ச ஆளு வேணும், அருளு இங்கியே இருக்கட்டும்னு. அவரும் பாதி மனசா சரின்னாரு. இன்னிக்கு வண்டி போனதும் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

கொடிக்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆயிலை அதிகமா ஊத்துனது பரவால்ல. யாருக்கும் நடக்கும். மூணு வாரமா காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்கூட வந்தேன். கண்ணாடில என்னைப் பாத்துக்கிட்டே ஓட்டுன. ஒரு வார்த்தை சொல்லல. கடைசில அந்தாளு முன்னால சொல்ற." குரல் உயரவில்லை. "ஒத்தையா இருக்கற வூடு. எதைச் சொல்றான், எதை மறைக்கறான்னு தெரியாத ஆளை வெச்சிக்க எனக்குப் பயமா இருக்குது."

அவர் சொன்னதில் பிசகு இல்லை.

"புரியுதுங்க டீச்சர்."

"சாப்பிட்டுட்டுப் போ."

"பஸ் இருக்குதுங்க."

அறைச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். முற்றத்தைத் தாண்டி கேட்டுக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். கேட்டின் சிறிய கதவு வழியாகப் பையை முதலில் வெளியே வைத்து, பிறகு குனிந்து நானும் வெளியே வந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு மூடிவிட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டு. அந்தப் பூட்டைத் தினமும் நான்தான் பூட்டுவேன். அவருக்குப் பழக்கம் இல்லை. சாவி முதல் தடவை திரும்பவில்லை. கொண்டியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாவது தடவை அவரே திருப்பிப் பூட்டிவிட்டார்.