காக்க வைக்காத ரத்தம்

இதனால் சகல மானிடருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கணையப் புற்றுநோயின் ஆட்டம் முடிந்துவிட்டது. முடித்துவைத்தவர் பேராசிரியர் மேங் சாங்ஹோ. முடிந்த இடம் தேகு நகரின் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஒன்று, இரண்டாம் மாடி, உயிர்வேதியியல் ஆய்வகம். இந்தச் செய்தியைத் தாங்கிய பதாகை முன்கூடத்தில், கூரையிலிருந்து மருந்துக் கவுன்டரின் தலைக்கு மேல்வரை தொங்கியது. அதில் பேராசிரியர் வெள்ளை அங்கியில் நின்று ஒரு சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் காலியாக இருந்தது. படமெடுக்க வந்தவருக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுமாம்.

கண்டுபிடிப்பின் பெயர் மேங்-1. கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது அநாகரிகம் என்பதால், பேராசிரியர் அந்த வேலையைத் தன் மாணவர்களைக் கொண்டு செய்தார். ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் அது. ஆரோக்கியமானவர்களுக்குப் பத்துக்குக் கீழே இருக்கும், கணையத்தில் புற்று இருந்தால் பத்தைத் தாண்டும். நூற்றெழுபத்தாறு நோயாளிகள், நூற்றெழுபத்தாறு ஆரோக்கியசாலிகள் என்று எல்லோரையும் அளந்து பார்த்து வெளியிட்ட கட்டுரையில், இந்தப் பக்கத்து ஆள் ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அவ்வளவு சுத்தமான முடிவைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்சுக்குக்கும் வரவில்லை.

குவாக் இன்சுக், ஐம்பத்து நான்கு வயது, அந்த ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன். மேங்-1 என்பது உண்மையில் அவள் கை. ஏழாம் மாடி புற்றுநோய் வார்டிலிருந்து காற்றுக்குழாய் வழியாகத் தொப்பென்று வந்து விழும் ரத்தத்தை, செல் வேறு நீர் வேறாகச் சுழற்றிப் பிரித்து, நீரை எடுத்து அளப்பது அவள்தான். வழக்கமான பரிசோதனைகளையெல்லாம் பெரிய இயந்திரம் தானே பார்த்துக்கொள்ளும். பேராசிரியரின் ஆராய்ச்சிக் குழாய்களுக்கு மட்டும் மனிதக் கை வேண்டும். அவை அவள் மேஜையில், நீலத் தட்டில் வரிசையாக நிற்கும்.

அந்தத் தட்டைப் பற்றி அவளுக்குத் தனியாக ஒரு காரணத்தால் பெருமை. மார்ச் மாதம் அதில் ஒரு நாள் அவள் அண்ணன் ரத்தம் நின்றது. நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது.

அண்ணன் தோங்சுவுக்கு ஐம்பத்தெட்டு. மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்யும் பட்டறையில் முப்பது வருடமாக மெருகு போடுகிறவர். குளிர்காலத்தில் ஏழு கிலோ இளைத்தார், முதுகில் வலி என்றார், திடீரென்று சர்க்கரை வந்தது. இருவரின் அப்பாவும் இப்படித்தான் ஒரு குளிர்காலத்தில் இளைக்க ஆரம்பித்து, அடுத்த குளிர்காலத்துக்கு இல்லாமல் போனவர். இன்சுக் அண்ணனைப் பிடித்து இழுத்து வந்தாள். காலை ஒன்பது மணிக்கு ரத்தம் எடுக்கும்போது பக்கத்திலேயே நின்றாள். குழாயைக் காற்றில் அனுப்பவில்லை. சூடு ஆறாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டு இரண்டு மாடி படியேறி ஓடி, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் சுழற்றும் இயந்திரத்தில் வைத்தாள். சொந்த அண்ணனுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் இருபத்தொன்பது வருடம் இங்கே இருந்து என்ன பிரயோஜனம்?

இரண்டு புள்ளி ஆறு என்று வந்தது. இன்சுக் ஓய்வறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வயிற்று டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "மேங்-1 இவ்ளோ சுத்தமா இருக்கே! சர்க்கரையக் கட்டுப்படுத்துங்க. ஸ்கேன அக்டோபர்ல பாத்துக்கலாம்" என்றார். தோங்சு அந்தத் தாளைக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

ஜூலையில் ஆய்வகத்துக்குத் தரச்சான்று ஆய்வு வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்து, எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கும் மூன்று நாள் எல்லாம் விதிப்படி நடக்கும். ஆய்வகத் தலைவர் பே, முந்தின நாளே எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து மூணு நாளைக்கு யாரும் சேந்து சாப்பிடப் போகக் கூடாது. ரெண்டு ரெண்டு பேரா போங்க. வந்த ரத்தம் வந்த நிமிஷமே சுத்தணும். விதிப்புத்தகத்துல அரை மணின்னு போட்டிருக்கு."

"அப்படியா போட்டிருக்கு?" என்றாள் நாரே. இவள் இன்சுக்குக்குப் பக்கத்து மேஜை, முப்பத்திரண்டு வயது, வாய்க்கு வயது கிடையாது.

"புத்தகத்த இன்னிக்குத்தான் தொறந்தேன். நீயும் தொறந்து பாரு, புது வாசனை போகல" என்றார் பே.

மற்ற நாட்களின் விதி வேறு. சரியாகப் பன்னிரண்டுக்கு பே நாற்காலியைப் பின்னால் தள்ளுவார். அந்தச் சத்தத்துக்கு ஆய்வகமே எழுந்துகொள்ளும். அடித்தள உணவுக்கூடத்தில் ஒரே மேஜையில் சோறு, சோயாக் குழம்பு, கிம்ச்சி, அதற்குப் பிறகு காப்பி. வரவில்லை என்று ஒருத்தி சொன்னால் அவளுக்கு யார் மேலோ கோபம் என்று அர்த்தம். யார் மேல் என்பதை மற்றவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் தீர்மானித்துவிடுவார்கள். திரும்பி வர ஒன்றேகால் ஆகும். ஏழாம் மாடிக் குழாய்கள் பதினொன்றே முக்காலுக்கு வரும்.

ஆய்வின் முதல் நாள் வார்டிலிருந்து பதினோரு குழாய்கள் வந்தன. பதினோரு பேரும் புற்று உறுதியானவர்கள். இரண்டு பேர் கண் மஞ்சளாகிப் படுத்திருப்பவர்கள். இன்சுக் வந்த நிமிஷமே சுழற்றி அளந்தாள். மூன்று, இரண்டரை, நாலு, மூன்று. பதினோரு பேருக்கும் ஆரோக்கியமான எண்.

பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "வேதிப்பொருள் கெட்டுப்போச்சு. புதுசு வரவழைங்க" என்றார். புதுசு வந்தது. இரண்டாம் நாளும் எல்லோரும் ஆரோக்கியம். "இதுவும் கெட்டது" என்றார். மூன்றாம் நாளும் அதேதான். நான்காம் நாள் ஆய்வாளர்கள் பாராட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார்கள். பே பன்னிரண்டுக்கு நாற்காலியைத் தள்ளினார். ஒன்றேகாலுக்கு வந்து சுழற்றியபோது, அதே வேதிப்பொருளில், ஏழாம் மாடி முழுக்க மறுபடியும் நோய்.

"சரியாயிடுச்சு, பாத்தீங்களா?" என்றார் பேராசிரியர்.

இன்சுக் பார்த்தாள். எண்களை விட்டுவிட்டு நீலத் தட்டையே வெகுநேரம் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நாரேவிடம் கையை நீட்டினாள். "அஞ்சு குழாய் ரத்தம் எடு."

"எதுக்கு அக்கா?"

"எடு, சொல்றேன்."

முதல் குழாயை உடனே சுழற்றினாள். இரண்டாவதை அரை மணி கழித்து, மூன்றாவதை ஒரு மணி கழித்து, அடுத்தது ஒன்றரை, கடைசி இரண்டு மணி. காலை எட்டு மணிக்கு வரும் ஆரோக்கியசாலிகளின் ரத்தம் நினைவுக்கு வந்தது. மருத்துவமனை ஊழியர்களின் வருடாந்திரப் பரிசோதனை ரத்தம் அது. அந்த நேரத்தில் சுழற்றும் இயந்திரம் காலி, எடுத்த கையோடு சுழன்றுவிடும். நோயாளிகளின் ரத்தம் சோறு முடிகிறவரை நிற்கும். நிற்கிற ரத்தத்தின் செல்கள் தமக்குள் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கசியவிடும். இது முதலாண்டுப் பாடம். படிவத்தில் தேதிக்குக் கட்டம் இருந்தது, மணிக்கு இல்லை.

அளந்து முடித்தபோது மணி பன்னிரண்டரை. கீழேயிருந்து பே இரண்டு முறை போன் செய்து, சோறு ஆறுகிறது, யார் மேல் கோபம் என்று கேட்டிருந்தார்.

நாரே எண்களைப் படித்தாள். "ரெண்டு புள்ளி நாலு. அஞ்சு. பதினொண்ணு. பதினெட்டு. இருபத்தாறு." தாளைக் கீழே வைத்தாள். "அக்கா, பதினோரு மணிக்கு உங்களுக்குப் புத்துநோய் வந்துருச்சு. பன்னெண்டுக்குக் கடைசிக் கட்டம். சாயங்காலம் நாங்க கறுப்புத் துணி போட்டுக்கிட்டு அடித்தளத்து இழவுக்கூடத்துக்கு உங்க சாவுக் காரச் சூப்பு குடிக்க வரணும்."

இன்சுக் சிரிக்கவில்லை. நாரே அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அக்கா? நல்லதுதானே? உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"எங்க அண்ணன் ரத்தத்தை நான் எடுத்த கையோட சுத்தினேன்."

நாரேவுக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. ஏழாம் மாடியில் சாகக் கிடக்கிறவரின் ரத்தத்தை அப்படி ஓடி வந்து சுழற்றினாலும் இரண்டு புள்ளி ஆறுதான் வந்திருக்கும்.

பேராசிரியரின் அறையில் தொலைக்காட்சிக்காரர்களுக்காக மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை பேட்டி. இன்சுக் தாளை நீட்டினாள். அவர் ஐந்து எண்களையும் இரண்டு முறை படித்தார். துடைத்தவர்களை வெளியே போகச் சொன்னார்.

"இது ஒரு ஆள் ரத்தம். என்கிட்ட நூத்தி எழுபத்தாறு பேர் இருக்காங்க."

"அந்த நூத்தி எழுபத்தாறும் என் மேஜையிலதான் சார் நின்னுச்சு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"சாப்பிட்டுட்டு இருந்தேன்."

"ஏன் சாப்பிட்டீங்க?"

"பன்னெண்டு மணி ஆச்சு, சார்."

இதற்கு உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மறுப்பு கிடையாது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதும் பதாகையில் இருந்தவர் போய், தூக்கம் போதாத அறுபது வயதுக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"ஏழு வருஷம்மா" என்றார்.

"எனக்கும் ஏழு வருஷம்தான் சார்."

"நீங்க இத யார்கிட்டயாவது..."

"சார், மார்ச்சுல எங்க அண்ணன்."

அவருக்குத் தோங்சுவை நினைவிருந்தது. இரண்டு புள்ளி ஆறு என்ற எண்ணை ஒரு கூட்டத்தில் படமாகப் போட்டுக் காட்டியவர் அவர். "எப்ப சுத்தினீங்க?" என்றார்.

"எடுத்ததும். கையில வச்சுக்கிட்டே ஓடினேன்."

பேராசிரியர் போனை எடுத்தார். ஸ்கேன் பிரிவுத் தலைவரை நேரடியாகக் கூப்பிட்டு, நாளைக் காலை எட்டு மணிக்கு ஓர் இடம் வேண்டும், இல்லையென்று சொல்லாதே என்றார். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் மெதுவாக, "காரணம் என்னன்னு கேக்குறான். சர்க்கரைன்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

இன்சுக் தலையசைத்தாள். அண்ணனுக்கு இடம் கிடைத்தால் போதும். காரணத்துக்கு மழைக்காலம் என்று எழுதினாலும் அவளுக்குச் சம்மதம்.

மாடிப்படியில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தாள். பின்னால் மெருகுச் சக்கரம் ஓடும் சத்தம்.

"அண்ணே, நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வா. ஒரு ஸ்கேன் எடுக்கணும்."

"அதான் சுத்தமா இருக்குன்னு தாள் குடுத்தீங்களே! பிரிஜ்ல இருக்கு."

"அந்தத் தாளக் கிழிச்சுப் போடு."

சக்கரம் நின்றது. "என்ன ஆச்சு?"

"நான் தப்புப் பண்ணிட்டேன். உன் ரத்தத்தக் காக்க வைக்காம சுத்திட்டேன். காக்க வச்சாத்தான் அந்த நம்பர் ஏறும். நோய்க்கு அது ஏறவே ஏறாது."

"அம்பத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு தடவதான் ஆஸ்பத்திரியில என்னக் காக்க வைக்கல" என்றார். "அதுக்கு இந்தக் கூத்தா?"

"அண்ணே..."

"அழாத. என்ன கொண்டு வரணும்? அடையாள அட்டை போதுமா?"

ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் இருபத்து மூன்று மில்லிமீட்டர் நிழல் தெரிந்தது. பக்கத்து ரத்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதலில் மருந்து ஏற்றிச் சுருக்க வேண்டும், சுருங்கினால் அறுவை என்றார் சர்ஜன். மார்ச்சிலேயே பார்த்திருந்தால் என்று இன்சுக் ஆரம்பித்தாள். "மார்ச்சுல எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்று அவர் முடித்தார். கருணையாகத்தான் சொன்னார். அந்தக் கருணையை வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் நான்கு மாதம் நான்கு மாதமாகவே இருந்தது.

வியாழக்கிழமைப் பேட்டி ஒத்திவைக்கப்பட்டது. பேராசிரியர் ஆறு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி அளந்து, கட்டுரையைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். அது பெரிய காரியம், யாரும் அதற்குப் பதாகை கட்டவில்லை. பழைய பதாகை மட்டும் இறங்காமல் நின்றது. அதற்குப் பின்னால் சுவரில் ஈரம் பூத்திருக்கிறதாம்.

அதிலிருந்து தோங்சு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏழாம் மாடிக்கு வந்தார். மருந்து ஏற்றுவதற்கு முன் எடுக்கும் ரத்தத்தில், அடுத்த ஆராய்ச்சிக்கென்று ஒரு குழாய் மற்றவர்களுடையதோடு காற்றில் கீழே வரும். இன்சுக் தானாகப் போய் எடுத்து வருவதில்லை. தட்டில் எது அண்ணனுடையது என்று பெயர்ச்சீட்டைத் தேடுவதுமில்லை. பன்னிரண்டுக்கு பே நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்கும். எல்லோரும் எழுந்து போவார்கள். இன்சுக் மட்டும் உட்கார்ந்து எல்லாக் குழாய்களையும் வரிசையாகச் சுழற்றிவிட்டு, ஒன்றரைக்கு ஆறிப்போன சோற்றைத் தனியாகச் சாப்பிடுவாள். அவளுக்கு பே மேல் கோபம் என்று கீழே முடிவு செய்தார்கள்.

கட்டி சுருங்கியதும், அண்ணனின் அறுவைக்காக அவள் பத்து நாள் விடுப்பு எடுத்தாள். திரும்பி வந்த அன்று அந்தப் பத்து நாள் படிவங்களை எடுத்துப் பார்த்தாள். அவள் கேட்டு வாங்கியபடி, படிவத்தில் ரத்தத்தைச் சுழற்றிய மணிக்கு இப்போது ஒரு கட்டம் உண்டு.

பத்து நாளும், எல்லாக் குழாய்க்கும், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், 11:55 என்று எழுதியிருந்தது.