அறுபத்தெட்டு சதவீதம்

இன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகக் கடையைப் பூட்டியபோது காரில் சார்ஜ் அறுபத்திரண்டு சதவீதம் இருந்தது. இரண்டு மணிக்குத் திறந்தபோது அறுபத்தெட்டு. சார்ஜ் வயரை நான் செருகவில்லை. செருகவில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு எண்களையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கீழே கோடு போட்டேன்.

ஹட்டனில் அஸ்லம் முதலாளியின் துணிக்கடைக்கு நான்தான் டிரைவர். மின்சாரக் கார், பழையது. எண்பதுக்கு மேல் ஏற்றக்கூடாது, இருபதுக்குக் கீழே இறக்கக்கூடாது, மலையேறி வந்த சூட்டோடு சார்ஜ் போடக்கூடாது என்று அவர் சொன்னதையெல்லாம் எழுதிவைத்து அப்படியே செய்கிறேன். நான் போகும் மாலை வகுப்பில் தினமும் ஏதாவது எழுதச் சொன்னதில் வந்த பழக்கம் அது. ஆனாலும் போன மாதம், பேட்டரியின் ஆயுளைக் காட்டும் கோடுகளில் ஒன்று அணைந்துவிட்டது. அதிலிருந்து முதலாளி என்னைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"நிப்பாட்டி வச்ச காருக்கு சார்ஜ் தானா ஏறுமா பிரதாப்?"

"தெரியலைங்க மொதலாளி. நான் சோறு திங்கப் போயிருந்தேன்."

"கீழ றொசல்லப் பக்கம் நம்ம காரக் கண்டதா ஒராள் செல்றார். காசுக்கு ஆள் ஏத்தி ஹயர் ஓடிட்டு வந்து, கொறஞ்சது தெரியாம சார்ஜ் போடுற. அந்திக்கு கிளாஸ், பகலைக்கு ஹயர். பெரிய படிப்புத்தான்! உண்மையச் செல்லு. இல்லாட்டி சாவிய வச்சிட்டுப் போ."

ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. மூன்று வெள்ளிக்கிழமைகளாக டிரைவர் சீட் முன்னால் தள்ளியிருக்கிறது. இன்னொரு சாவி மாடியில், முதலாளி வீட்டில் இருக்கிறது. போன மாதம் அவர் மனைவி நஸீரா அக்கா படியில் நின்று கேட்டது ஞாபகம் வந்தது: "எறக்கத்துல பிரேக் புடிச்சா சார்ஜ் ஏறுமாமே, மெய்யா?" கொஞ்சம்தான் ஏறும், போனது முழுக்கத் திரும்ப வயர் போட வேண்டும் என்றேன்; சும்மா கேட்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் சீட்டை நானே பின்னால் தள்ளி வைத்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

இன்று தள்ளினேனா?

முதலாளி சாவியைப் பிடுங்கி, கார்க் கதவைத் திறந்து உட்காரப் போனார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பாதி உள்ளே, பாதி வெளியே அப்படியே நின்றார். பிறகு என் கால்களைப் பார்த்தார். அவரைவிட நான் அரையடி உயரம்.

மாடி ஜன்னலில், திரையை இழுத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.