காசிமிரோவின் இலையில் இரும்பு

போசாதாஸ் நகரத்துச் சோதனைச்சாலையிலிருந்து வந்த தாளை, கூட்டுறவு ஆலையில் தரம் பார்க்கும் நெலிடா மூன்று தடவை படித்துவிட்டாள். மெக்னீசியம் சரி, பொட்டாசியம் சரி. மாங்கனீசும், தேயிலைபோல் ஊறவைத்துக் குடிக்கும் மாத்தே இலைக்கு இருக்கவேண்டிய மாதிரி தாராளமாகவே இருந்தது. இரும்பு மட்டும் கிலோவுக்கு நானூற்றுப் பத்து மில்லிகிராம். வழக்கமாக நூறு, நூற்றிருபதோடு நின்றுவிடும். மூட்டை யாருடையது என்று பார்த்தாள். காசிமிரோவுடையது.

காசிமிரோ அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். கூட்டுறவு ஆலைக்கு இருபது வருஷமாக இலை போடுகிறவர். மிசியோனெஸ் மாகாணத்து மண்ணோ துருவைக் கரைத்துக் கொட்டினாற்போல் சிவப்பு. இரண்டு கூடை அள்ளி இலையோடு கலந்தால் எடையும் ஏறும், இரும்பும் ஏறும். போன வருஷம்தான் ஒருவன் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டான்.

மேலாளர் எவரிஸ்தோவுக்கு வாயெல்லாம் பல். "பொட்டலத்துலயே போட்டுடலாம் நெலிடா. 'மும்மடங்கு இரும்புச் சத்து.' ரத்தசோகைப் பொம்பளைங்க வரிசையில நிப்பாங்க."

"இலையில இருக்கிறதெல்லாம் உடம்புல ஒட்டிடுமா சார்? சாப்பாட்டோட மாத்தே குடிச்சா, சாப்பாட்டுல இருக்கிற இரும்பைக்கூட உடம்பு சரியா எடுத்துக்காதுன்னு நர்ஸ் சொல்றாங்க."

"நல்ல காரியத்தைக் கெடுக்கவே பொறந்தவ நீ. திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது."

மூன்று மடங்கு எப்படி ஆனது என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் அவளுக்கு உறுத்தியது.

சனிக்கிழமை காலையில் காசிமிரோவின் தோட்டத்துக்குப் போனாள். அவர் சுரைக்குடுவையில் மாத்தே தூளிட்டு வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழலோடு நீட்டினார். அவள் உறிஞ்சும்போதே கண் அவர் கைவிரல்களுக்குப் போனது. நகக்கண்ணெல்லாம் செம்மண். தோட்டக்காரன் கை வேறெப்படி இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. குடுவையைத் திருப்பிக் கொடுத்து, "நன்றி அண்ணே" என்றாள். மாத்தே குடிக்கையில் நன்றி சொன்னால், போதும், இனி ஊற்றவேண்டாம் என்று அர்த்தம். முதல் குடுவையிலேயே யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டு, நாய் குரைக்கிறதென்று வெளியே போனார்.

அவள் சட்டென்று கொட்டகைக்குள் நுழைந்து, ஆலைக்குப் போகாத காய்ந்த இலையில் இரண்டு கை அள்ளிப் பையில் திணித்தாள். திரும்பினால் வாசலில் அவர்.

"என்ன தங்கச்சி, கேட்டா தரமாட்டேனா?"

"சும்மா பாக்கத்தாண்ணே..."

"பாக்குறதுக்குக் கண்ணு போதுமே. பை எதுக்கு?"

அவள் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மண்ணைவிடச் சிவந்தது.

"நான் மண்ணைக் கலந்தேங்கிறியா?"

"நான் சொல்லலை. தாள் சொல்லுது."

"தாளுக்கு ஏது வாயி? சொல்றது நீதான். எடுத்துட்டுப் போ. ரெண்டு கை போதுமா, மூட்டையாவே தூக்கிவிடட்டுமா?"

நேராக ஆலைக்கு வந்து, அந்த இலையையும் ஆலையில் அரைத்த அவர் மூட்டையின் தூளையும் தனித்தனியே எரித்துச் சாம்பலாக்கி அமிலத்தில் கரைத்தாள். மண் கலந்திருந்தால் கரையாத மணல் அடியில் தங்கும். இரண்டிலும் தங்கவில்லை. நெஞ்சு லேசாகவில்லை, சந்தேகம் இடம் மாறியது, அவ்வளவுதான். அலமாரிக் கதவில் தாள்களைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தை எடுத்தாள். தோட்டத்து இலையில் ஓட்டினாள். ஒன்றுமில்லை. ஆலைத் தூளில் ஓட்டினாள். மீசை முளைத்தாற்போல் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது.

அரைக்கும் இயந்திரத்தின் பிளேடுகளைப் போன மாதம்தான் மாற்றினார்கள். வாங்கிப்போட்டது எவரிஸ்தோவின் மைத்துனன். மாற்றிய பிறகு முதலில் அரைபட்டது காசிமிரோவின் இலை.

காந்தத்தைக் கொண்டுபோய் எவரிஸ்தோவிடம் காட்டினாள்.

"இரும்பு இரும்புதானே?" என்றார்.

"தேஞ்சு உதிர்ற பிளேடைச் சத்துன்னு விக்கச் சொல்றீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பதறாதே. விஷயம் வெளிய வந்தாலும் தாள்ல இருக்கிறது காசிமிரோ பேருதானே."

காலைவரை அவளே அந்தப் பேரைத்தானே பிடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை நிர்வாகக் குழுவின் முன் தாளையும் காந்தத்தையும் வைத்தாள். இயந்திரம் நின்றது. அந்தப் பிளேடில் அரைத்த நாற்பது மூட்டைகளை ஒதுக்கி அழித்தார்கள். எவரிஸ்தோ உடல்நிலை காரணமாக விலகிக்கொண்டதாக ஊரில் பேச்சு.

அன்று சாயங்காலமே அவள் காசிமிரோவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். "சரிம்மா" என்றார்.

அடுத்த லோடு வந்தபோது அவர் லாரியிலிருந்து இறங்கி அவள் பக்கத்திலேயே வந்து நின்றார். "சோதனைக்கு எடுக்கிறதை என் கண்ணு முன்னால எடு. ரெண்டு பையா எடு. ஒண்ணை நான் கட்டி, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"என் மேல நம்பிக்கை இல்லையாண்ணே?"

அவர் பையின் வாயை விரித்துப் பிடித்தார். "உனக்கு என் மேல இருந்துச்சா?"

நெலிடா இலையை அள்ளிப் போட்டு, இரண்டாவது பையை எடுத்தாள்.