மூன்றாவது சிலிண்டர் விஷயமாக

1

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மகள், அவள் கணவர், அவருடைய அப்பாவாகிய என் சம்பந்தி, வண்டி பார்க்கும் மெக்கானிக் அம்மா. வேறு யாரும் இல்லை. "நானும் அங்கதான் இருந்தேன்" என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தக் கதை பிறந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி இதை இதுவரை நான்கு வீடுகளில், கை கால்களை ஆட்டி, சொல்லி முடித்திருக்கிறார். அவர் சொல்லும் கதையில் என்மேல் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

2

முதல் தொடக்கம்: 'எங்கள் குடும்பத்தில் யாரும் பழுதான பொருளை அடுத்தவருக்குக் கொடுத்ததில்லை.'

நல்ல வாக்கியம். மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் கதை நகர்வதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் கார் இருமியது.'

இது இருக்கட்டும். பதினொரு வருடம் நான் ஓட்டிய கார். மகளுக்குத் தூரத்தில் வேலை கிடைத்ததும் அவளுக்கே கொடுத்துவிட்டேன். மெதுவாக ஓட்டினால் சாதுவாகப் போகும். லாரியை முந்த நினைத்து அழுத்தினால் திக்கித் திணறும், எஞ்சின் விளக்கு கண்ணடிக்கும். ஒருமுறை லாரிக்கும் எதிரே வந்த பஸ்ஸுக்கும் நடுவில் மகள் மாட்டிக்கொண்டு பிழைத்து வந்தாள்.

"ஓட்டை வண்டிய நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று சம்பந்தி சொன்னதாக எனக்குச் செய்தி வந்தது. மானப் பிரச்சினை. பழுது கொடுத்தவர் பக்கமா, ஓட்டியவர் பக்கமா என்று தெரிந்தாக வேண்டும்.

(ஓட்டியவர் என்று நான் நினைத்தது மாப்பிள்ளையை. மகள் என் வளர்ப்பு.)

3

மெக்கானிக் அம்மா எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டுக் கேட்டார். "நிக்கும்போது நல்லாத்தான் இருக்கு. பாரம் ஏத்தினாத்தான் தெரியும். எல்லாரும் ஏறுங்க."

"நாங்க என்ன மூட்டையா?" என்றார் சம்பந்தி.

"நீங்க ஒருத்தரே ரெண்டு மூட்டை சார். முன்னாடி உக்காருங்க."

மற்ற மூவரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மேட்டில் அந்த அம்மா ஓங்கி மிதித்தார். கார் நான்கு முறை குலுங்கியது. சம்பந்தியின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"எங்க வீட்டுக்கு வந்ததுல இருந்து இதே கூத்துதான்."

"எங்க வீட்டுல இருந்த வரைக்கும் ஒரு தும்மல்கூட இல்ல, சம்பந்தி."

"அப்ப எங்க வீட்டுக் காத்து சேரலயோ?"

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் வாயை மூடுங்க. அவங்களுக்கு எஞ்சின் சத்தம் கேக்கணும்" என்றாள் மகள்.

பட்டறையில் மெக்கானிக் அம்மா கருவியைச் செருகிப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது என்றது. பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயிலை மூன்றிலிருந்து கழற்றி ஒன்றில் போட்டார். மறுபடி மேடு, மறுபடி மூட்டைகள். கோளாறு மூன்றைவிட்டு அசையவில்லை. "காயில் தப்பிச்சுது" என்றார். அடுத்து மூன்றின் ஸ்பார்க் பிளக்கை இரண்டில் போட்டார். மறுபடி மேடு. இந்த முறை இரண்டாவது சிலிண்டர் தவறியது. ஆகவே குற்றவாளி பிளக்.

கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் முடி பருமனுக்கு ஒரு விரிசல், அதன் நெடுகக் கறுப்புக் கோடு.

"மெதுவா போனா பொறி நுனியில ஒழுங்கா குதிச்சிடும். அழுத்தி மிதிச்சா உள்ள அழுத்தம் ஏறிடும், நுனியில குதிக்கிறது கஷ்டம். அப்ப இந்த விரிசல் வழியா பக்கவாட்டுல ஓடிப்போயிடும்."

(இதில் உவமை தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். நான் பிளக்கைப் பற்றித்தான் பேசுகிறேன்.)

"புது பிளக்குதான். கீழ விழுந்திருக்கு. துடைச்சு மாட்டியிருக்காங்க. யார் மாட்டினது?"

4

இங்கே சற்றுப் பின்னால் போக வேண்டும். எங்கள் குடும்ப வழக்கம் இது: எந்தப் பொருள் கைமாறினாலும் தேய்ந்ததை மாற்றிப் புதுசாக்கித்தான் கொடுப்போம். கடிகாரம் என்றால் புது வார், பெட்டி என்றால் புதுப் பூட்டு. அதையும் எங்கள் கையாலேயே செய்வோம். வெளியாளைத் தொடவிட மாட்டோம். எனவே காரைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் நான்கு புது பிளக்குகள் வாங்கிவந்தேன். மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். மூன்றாவதை உறையிலிருந்து எடுக்கும்போது, சிமெண்டுத் தரையில்

[இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.]

பட்டறைக்குத் திரும்புவோம். யார் மாட்டினது என்று கேட்டார் அல்லவா? நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மாப்பிள்ளை "நான்தான்" என்றார்.

"நெனச்சேன்!" என்றார் சம்பந்தி. "சின்ன வயசுல இருந்து இவன் கையில எது நின்னுச்சு? நம்ம அச்சகத்துல புது மெஷின இவன்கிட்ட விடலாம்னு இருந்தேன். இனிமே காகிதம் அடுக்கட்டும். சம்பந்தி, மன்னிச்சுக்கங்க. உங்கமேல பழி போட்டுட்டேன்."

நான் பெருந்தன்மையோடு தலையசைத்தேன். மெக்கானிக் அம்மா வேறு பிளக்கை மாட்டி முடித்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலயாப்பா?" என்றாள் மகள்.

"வண்டி சரியாயிடுச்சுல்ல" என்றேன்.

5

மாப்பிள்ளை என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இப்படி ஒரு மனிதர் இருப்பாரா? நம்பும்படி இருக்கட்டும் என்று ஒரு கெட்ட குணம் சேர்த்தேன்: டீயைச் சத்தமாக உறிஞ்சுவார். பிறகு, வீட்டில் அப்படி உறிஞ்சுகிறவன் நான் என்பது நினைவுக்கு வந்தது. எடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் அவரிடம் கேட்டேன். "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எங்கப்பா என்னை ஏற்கனவே அப்படித்தான் நெனச்சிட்டிருக்கார் மாமா. ஒரு பிளக் கூடினா என்ன?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். ஒருமுறைகூட அது சிரிப்பாக வரவில்லை. அவர் இப்போது காகிதம் அடுக்குகிறார்.

6

முடிவு அ: பிளக் கடையிலேயே விரிசல் விட்டிருந்தது. கடைக்காரர் கதையில் வரவில்லை, மறுத்துப் பேச மாட்டார். வசதியான முடிவு.

முடிவு ஆ: சம்பந்தி தாமே உண்மையைக் கண்டுபிடித்து மகனைக் கட்டிக்கொள்கிறார். அவருக்கு மடியில் கிடக்கும் மூக்குக்கண்ணாடியையே கண்டுபிடிக்கத் தெரியாது.

முடிவு இ: நான் அச்சகத்துக்குப் போய் நேரில் சொல்கிறேன். வாசல் வரை எழுதினேன். உள்ளே என் கால் போகவில்லை, பேனாவும் போகவில்லை.

ஆகவே முடிவு எழுத மறுக்கிறேன். அதைப் படிப்பவர் பொறுப்பில் விடுகிறேன். முதலில் படிக்கப்போகிறவர் யார் என்பது எனக்குத் தெரியும்: இது அச்சாகப்போவது சம்பந்தியின் அச்சகத்தில், பிழை திருத்துவதை அவர் வேறு யாரிடமும் விடுவதில்லை. சம்பந்தி, எழுத்துப் பிழை இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள். கீழே உள்ள வரிகளில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

மாப்பிள்ளை பிளக்கைக் கீழே போட்டார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. போட்டவன் நான். துடைத்து மாட்டியவனும் நான்.