சென்னப்பன் கண் திறந்து வைத்த சேசுநாதர்

1952-ஆம் வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்தில், சூசையூர் கோயில் சுவரில் வரைந்திருந்த சேசுநாதர் நாளொன்றுக்கு ஒன்றேகால் குடம் தண்ணீர் குடித்தார். பாரூர் ஏரி வெடித்துக் கிடந்த வருஷம் அது. சூசையூர் அந்த ஏரிக்கு மேற்கே இருக்கிறது, நாற்பது வீடு, எல்லாம் வேதக்காரர்கள். பொம்பளைகள் தென்பெண்ணை மணலில் ஊற்றுத் தோண்டி, ஒரு குடம் ஊறுவதற்குள் ஊர்வம்பு மொத்தமும் பேசித் தீர்த்துவிட்டு வருவார்கள். அந்தத் தண்ணீரில் மூங்கில் கழி நுனியில் கட்டிய துணியை நனைத்து அவர் உதட்டில் வைத்தால் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். யாரும் முணுமுணுக்கவில்லை என்றால் அது பச்சைப் பொய். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். தாகம் என்று கேட்கிறவர் முகத்துக்கு எதிரே குடத்தை மூடி வைக்க யாருக்கு மனசு வரும்?

இதற்கெல்லாம் ஆரம்பம் கோயிலில் பூசை வைக்கிற பிரெஞ்சு சாமியாருக்குத் தபாலில் வந்த ஒரு படப் புத்தகம். அவர் தங்கை அனுப்பியது. சீமையில் இப்போது கனவில் வருகிறபடிதான் படம் போடுகிறார்களாம். அதில் அப்பம் மேசையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும், இறக்கை வைத்த சம்மனசின் நெஞ்சில் சன்னல் இருக்கும், சிலுவை பூமியில் ஊன்றாமல் மேகத்துக்கு நடுவே மிதக்கும். சாமியாருக்குப் புத்தகத்தை மூடவே மனசில்லை. நம் கோயிலுக்கும் இந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று தீர்மானித்து, தொரப்பள்ளியிலிருந்து சென்னப்பனை வரவழைத்தார். சென்னப்பன் மாரியம்மன் கோயில் வாகனங்களுக்கும் சாமி சிலைகளுக்கும் வர்ணம் பூசிக் கண் திறந்து வைக்கிறவன், கை சுத்தம், வாய் கொஞ்சம். பெண்சாதி முனிலட்சுமி வர்ணம் அரைத்துக் கொடுப்பாள், அவன் பேசாததையும் சேர்த்து அவளே பேசுவாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த சென்னப்பன், வெள்ளைக்காரன் சாமிக்கு எதுவும் எதையும் தொடக்கூடாது போலிருக்கிறது என்று புரிந்துகொண்டான். ஆளுக்கு ஆள் ஆசாரம் மாறும்தானே, அவன் அதில் ஒரு தப்பும் காணவில்லை.

முப்பது நாளில் பீடத்துக்குப் பின்சுவர் முழுக்க வரைந்துவிட்டான். காய்ந்த ஏரிக்கு மேலே சிலுவை மிதந்தது. கரும்பு வேரோடு காற்றில் நின்றது. களி உருண்டைகள் வட்டிலுக்கு ஒரு முழம் மேலே வரிசையாகப் பறந்தன. ஆணி அறைந்த இரண்டு உள்ளங்கை மட்டும்தான் மரத்தைத் தொட்டது, மற்ற உடம்பு எதிலும் படவில்லை. சாமியார் பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் சொல்ல மறந்தார். புத்தகத்தில் இருந்த சேசுநாதர் கண் மூடியிருந்தார், ஏனென்றால் அவர் செத்துப்போயிருந்தார். சென்னப்பன் அதைப் பார்த்துவிட்டு, அச்சடித்தவர்கள் விவரமானவர்கள், கண்ணைத் திறக்கிற வேலையைச் சாமி குடியேறுகிற ஊருக்கே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அவன் கை வைத்த எந்தச் சாமியும் குருடாக நின்றதில்லை. ஒரு பொழுது பட்டினி கிடந்து, விடியற்காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எதிரே கண்ணாடி பிடிக்க முனிலட்சுமியை நிறுத்திவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்தான். திறந்தவுடன் சேசுநாதர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், ஒரு மூச்சு இழுத்தார், பிறகு முனகினார்.

சாமியார் பூசைக்கு வந்தபோது சென்னப்பன் சுவருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். நடந்ததைக் கேட்டதும் சாமியாரும் அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உயிர் கொடுத்த இடம் அப்படிப்பட்ட இடமாகப் போயிற்றே! மாட்டுத்தொழுவத்தில் வரைந்திருந்தால் குழந்தையாகச் சிரித்துக்கொண்டு கிடந்திருப்பார், கல்யாண வீட்டில் வரைந்திருந்தால் பந்தியில் உட்கார்ந்திருப்பார். இவருக்கு வாய்த்தது சிலுவை. சாகவும் முடியாது, இறங்கவும் முடியாது.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். சென்னப்பன் மூடிய இமை வரைந்தான். காய்ந்ததும் வர்ணம் பொருக்காக உதிர்ந்தது, உள்ளே கண் அப்படியே பார்த்தது. சுண்ணாம்பு அடித்தார்கள், மூக்கு இருந்த இடத்தில் மூச்சு இரண்டு ஓட்டை போட்டது. அதைப் பார்த்ததும் சுண்ணாம்பு அடித்தவர்களே ஓடிப்போய்க் கழுவிவிட்டார்கள். கடைசியில் கொத்தனார் வெங்கடசாமி, ஒரே கொத்தாகக் கொத்திவிடுகிறேன், எல்லாருக்கும் நிம்மதி என்று உளியோடு ஏறினான். சுவரில் இருந்தவர் அவனைப் பார்த்தார். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது போல ஒரு பார்வை. வெங்கடசாமி இறங்கி வந்து, என்னால் கொலை பண்ண முடியாது என்று உளியைப் பையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டான். சாமியார் தன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்கு, விசாரித்துத் தெரிவிக்கிறோம் என்று பதில் வந்தது. இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

பெரிய வெள்ளி வந்தது. சாமியார் வேதப் புத்தகத்திலிருந்து சேசுநாதர் பட்ட பாடுகளை வாசித்தார், தலை சாய்த்து உயிர்விட்டார் என்ற இடத்துக்கு வந்ததும் பின்னால் முனகல் கேட்டது, வாசிப்பு அங்கேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை இருந்ததில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு ஊரே உயிர்ப்புப் பூசைக்கு நின்றது. சாமியார் பூசையைத் தொடங்காமல் பீடத்துக்கு முன்னால் நின்றார். ஊருக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் ராயப்பன் போய்க் காதோடு கேட்டார். சாமியார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இன்னும் சாகலையே ராயப்பா. சாகாதவரு எப்படி உயிர்ப்பாரு?"

சனங்கள் வந்த வழியே வீட்டுக்குப் போனார்கள். அந்த வருஷம் சூசையூரில் உயிர்ப்புத் திருநாள் நடக்கவில்லை.

சென்னப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சாமியார் அவனை ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை, திட்டவில்லை. நான் பாட்டுக்குத் தொறந்துட்டேனே, நான் பாட்டுக்குத் தொறந்துட்டேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான், அந்த முனகல் நிற்க வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த முனிலட்சுமி ஒருநாள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"கண்ணை விடு. காலைப் பாரு. எங்கியாவது படுதா? மொத்த உடம்பும் அந்த ரெண்டு ஆணியிலதான் தொங்குது. உனக்கு எப்படி இருக்கும்?"

அன்றைக்கே அவர் பாதத்துக்குக் கீழே ஒரு பாறை வரைந்தான். மறுநாள் பாறை ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. மரக்கட்டை வரைந்தான், அதுவும் விலகியது. அந்தப் படத்தில் எதுவும் எதையும் தொடக்கூடாது என்று விதித்தவன் அவன்தான், அவன் சொல்லை அதுவாவது கேட்கிறதே என்று முனிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சென்னப்பன் பலகை போட்டு ஏறி, அந்த இரண்டு பாதத்துக்கும் கீழே தன் தோளைச் சுவரோடு அழுத்திக் கொடுத்தான். ஒரு மூட்டை ராகியின் கனம் தோளில் இறங்கியது. முனகல் நின்றது. சுவரில் இருந்தவர், அன்றுவரை யாரும் கேட்டிராதபடி, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

அப்புறம் அவன் எங்கே இறங்குவது? இறங்கினால் முனகல். ஒண்ணுக்கு இருக்கக்கூட முனிலட்சுமி தோள் கொடுத்தால்தான் முடிந்தது. ஒரு வாரம் புருஷனும் பெண்சாதியும் மாறி மாறி நின்றார்கள். எட்டாம் நாள் ஏரி மடை திறக்கிற மாதப்பன் வந்து பார்த்தான். ஏரியில் தண்ணீர் இல்லாததால் அவனுக்கு வேலையும் இல்லை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி இதற்கும் வைத்தால் என்ன என்றான். வயல் இருக்கிற வீட்டுக்கு மூன்று நாழிகை, இல்லாத வீட்டுக்கு ஒன்றரை. முறை தவறினால் தண்டம் என்ன என்று ராயப்பன் கேட்டார். தண்டம் எதற்கு, தவறினால்தான் சத்தம் வெளியே வரைக்கும் கேட்குமே என்றான் மாதப்பன்.

போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகிற புளி வியாபாரி ஷேக் தாவூத் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி விவரம் கேட்டார். "எங்க குர்ஆன் கணக்குப்படி அவரு சிலுவையில ஏறவே இல்லீங்க," என்றார். சுவரில் இருந்தவரை அண்ணாந்து பார்த்தார். "ஆனா தொங்கறவரை அப்படியே விட்டுட்டுப் போறதா?" சட்டையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு ஒரு முறை நின்றுவிட்டுப் போனார். அதிலிருந்து சந்தை நாளான ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் முறை அவருடையது.

மறு வருஷம் மழை பெய்து ஏரி நிரம்பியது. அவர் தண்ணீர் கேட்பது குறைந்தது, தோளில் கனம் குறையவில்லை. சாமியார் உயிர்ப்புத் திருநாள் வைப்பதையே விட்டுவிட்டார். தபசு காலம் வருஷம் முழுக்க நடந்தது, அதற்கும் சனங்கள் பழகிப்போனார்கள். அம்பத்தாறில் மாநிலம் பிரித்தபோது ஓசூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எல்லா இடத்திலும் வாய்ச்சண்டை நடந்தது, சூசையூரில் மட்டும் யாருடைய முறை என்பதுதான் பேச்சு. சென்னப்பன் தொரப்பள்ளிக்குத் திரும்பவில்லை. கோயிலுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு, விடிகாலை முறையைத் தனக்கு வைத்துக்கொண்டான். வலது தோள் இறங்கி, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தான். தூரிகை பிடிக்கிற கை நடுங்க ஆரம்பித்ததால் வேறு எந்தச் சாமிக்கும் கண் திறக்க அவனை யாரும் கூப்பிடவில்லை.

அம்பத்தெட்டில் ஒரு விடிகாலை, அவன் தோள் கொடுத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது. ஆறு வருஷத்தில் தாகம் என்பதைத் தவிர அவர் சொன்ன முதல் வார்த்தை அது. பெருக்கிக்கொண்டிருந்த முனிலட்சுமிக்கும் தெளிவாகக் கேட்டது.

"வலிக்குதா?"

சென்னப்பன் அண்ணாந்து பார்க்கவில்லை, பார்த்தால் தோள் நழுவிவிடும். "இல்ல சாமி," என்றான். பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். முனிலட்சுமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் ஏறினாள். மாதப்பன் முறைக்கு வரும்வரை இரண்டு பேரும் சேர்ந்து நின்றார்கள்.